பற்றாக்குறைக் காலத்துப் பத்தியமும் மிகுதிக் காலத்துக் கர்ப்பமும்

கர்ப்பத்தின் 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில் சிங்கப்பூரில் கர்ப்பிணிகள் பலர் ஒரு காலைப் பொழுதை மருத்துவமனை நாற்காலியிலேயே கழிக்கிறார்கள். முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு. வந்தவுடன் ஒரு முறை இரத்தம் எடுக்கப்படுகிறது. பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த ஒரு குவளை நீர் கையில் தரப்படுகிறது. அதைச் சில நிமிடங்களுக்குள் குடித்து முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும் இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் கையை நீட்ட வேண்டும். பாகுபோலத் தொண்டையில் இறங்கும் அந்த நீர் குமட்டிக்கொண்டு வரும்; வாந்தி எடுத்துவிட்டால் சோதனையை இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் தங்கை மகளுக்குத் துணையாகப் போன அன்று, அடுத்த நாற்காலியில் இருந்த பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே இரண்டு மணி நேரத்தையும் ஓட்டினார்.

வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல், ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 என்னும் மூன்று எல்லைகளில் ஏதேனும் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று முடிவு செய்யப்படுகிறது. 75 கிராம் குளுக்கோஸ் என்றால் என்னவோ பெரிய அளவு போலத் தோன்றும்; ஏறத்தாழ ஒன்றரைக் கிண்ணம் சோற்றில் உள்ள மாவுச்சத்துதான் அது. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு போட்டுக்கொள்ளும் பழக்கமுள்ள வீட்டில் அந்த அளவு ஒரே வேளையில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

2009-இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200-க்கும் மேற்பட்ட சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அந்தத் தாய்மாரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. குடும்பத்தில் நீரிழிவு, கூடுதல் எடை போன்ற அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும் சோதனை செய்யும் பழைய முறையில் பலர் தப்பிப்போனார்கள் என்பது தெரியவந்த பின்னர், கேகே மருத்துவமனையில் 2016 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை வழக்கமாக்கப்பட்டது. நீரிழிவுக்கு எதிரான போரைச் சுகாதார அமைச்சு அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

இந்தப் பின்னணியில் நம் வீடுகளில் வழங்கும் கர்ப்பகால உணவு விதிகளைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை பற்றாக்குறைக்கு எதிராக உருவானவை என்பது புலப்படும். ஏழு பேர் பங்கிட்டுக் கஞ்சி குடித்த வீட்டில் ‘இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு’ என்பது, பிள்ளைத்தாய்ச்சியின் தட்டில் மற்றவர் கை படாமல் இருக்கப் போட்ட வேலி. ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தலைமுறையோடு அந்த வேலியும் இங்கே வந்து சேர்ந்தது. இன்று உட்லண்ட்ஸிலோ பொங்கோலிலோ வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கீழே இறங்கினால் இருபத்துநான்கு மணி நேரமும் பரோட்டா கிடைக்கும். காத்துக்கொள்ள வேண்டிய தட்டு இல்லை, விதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு விதியும் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று கேட்டுப் பார்த்தால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது ஓரளவு தெளிவாகும் என்பது என் கருத்து.

அளவிலிருந்தே தொடங்கலாம். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி எதுவும் தேவையில்லை. நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு 340 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் 450 கலோரியும் கூடுதலாகத் தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. ஒரு தோசை, ஓர் அவித்த முட்டை, ஒரு குவளைப் பால் ஆகியவற்றோடு 340 முடிந்துவிடுகிறது. இரண்டு வெறும் பரோட்டா அதைத் தாண்டிவிடும். இன்னொரு முழு ஆளுக்கான சாப்பாடு இதில் எங்குமே இல்லை. கர்ப்பத்துக்கு முன் எடை சரியான அளவில் இருந்தவர்கள் மொத்தத்தில் 11.5 முதல் 16 கிலோ வரையும், கூடுதல் எடை உள்ளவர்கள் 7 முதல் 11.5 கிலோ வரையும் கூடலாம் என்று 2009-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவையே பல நாடுகளின் மருத்துவர்களும் கையாளுகிறார்கள். மசக்கைக் காலத்தில் எடை கூடாமல் இருப்பதோ சற்றுக் குறைவதோ உடனே பயப்பட வேண்டிய செய்தியல்ல. வயிற்றில் நிற்பதைச் சிறிது சிறிதாக உண்டால் போதும். இஞ்சிக்குக் குமட்டலைத் தணிக்கும் தன்மை உண்டு என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவும் இருக்கிறது. தண்ணீர்கூடத் தங்காத அளவுக்கு வாந்தி என்றால் மட்டும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை கூடுவதன் காரணம் தாயின் தவறு அன்று. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. தாயின் இரத்தத்தில் குளுக்கோஸ் சற்றுக் கூடுதல் நேரம் தங்கிக் குழந்தைக்குக் கிடைக்கட்டும் என்பதற்கான உடலின் ஏற்பாடு அது. தாயின் கணையம் ஈடுகொடுத்துக் கூடுதல் இன்சுலின் சுரந்தால் சிக்கலில்லை. இந்திய வம்சாவளியினருக்கு ஒல்லியான உடலிலும் இன்சுலின் எதிர்ப்பு முன்பே இருப்பது வழக்கம். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே சிங்கப்பூரில் எச்சரிக்கப்படுவது இதனால்தான். ஈடுகொடுக்க முடியாதபோது, மிகுந்த குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது, ஆனால் தாயின் இன்சுலின் கடப்பதில்லை. குழந்தை தன் சொந்த இன்சுலினைச் சுரந்து அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்க்கிறது. ‘நாலரைக் கிலோ, கொழுகொழு என்று பிறந்தான்’ என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள்; பிறந்த சில மணி நேரத்தில் அந்தக் குழந்தையின் சர்க்கரை ஏன் சட்டென்று இறங்குகிறது என்பது பச்சிளங்குழந்தைப் பிரிவுத் தாதியருக்குத் தெரியும்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் அறிமுகப்படுத்திய உணவுத் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்தால் படம் தலைகீழாகத் தெரியும்: நடுவில் மலையாகச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கோஸ் பொரியல், அப்பளம் வேறு. சைவ உணவுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், நீர்த்த சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்த்துவிடுவது. கெட்டியான பருப்புக்கூட்டு, சுண்டல், தயிர், பன்னீர், டோஃபு (சோயாக் கட்டி) என்று தனியாக ஒன்று தட்டில் இருந்தால்தான் அந்தக் கால் பங்கு நிறையும்.

தங்கை மகளுக்குச் சோதனையில் எல்லை தாண்டிவிட்டது. விரலைக் குத்திப் பார்க்கும் கருவியும் ஒரு குறிப்பேடும் வீட்டுக்கு வந்தன. முதல் வாரத்துப் பக்கங்களைப் பார்த்தால் உணவியல் பாடம்போல இருக்கும். இரண்டு தோசையைத் தேங்காய்ச் சட்னியோடு மட்டும் உண்ட காலையில் அளவு எல்லையைக் கடந்தது. அதே இரண்டு தோசையை ஒரு முட்டையோடும் கெட்டிச் சாம்பாரோடும் உண்டு, பிறகு பதினைந்து நிமிடம் கீழ்த்தளத்தில் நடந்த காலையில் கடக்கவில்லை. நன்மைதானே என்று நினைத்துக் குடித்த கேழ்வரகுக் கூழ், மாவாகக் கரைத்துக் காய்ச்சியதால் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சர்க்கரையை ஏற்றியது. அதே கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்து இருப்பதால் அதை விட்டுவிடவும் மனமில்லை. கூழ் ரொட்டியாக மாறியது, கூடவே கீரையும் சேர்ந்தது. அரிசியைக் கைவிடாமல், அளவைக் குறைத்து, துணையைக் கூட்டி, ஒரு வேளையை இரண்டாகப் பிரித்ததிலேயே அவளுக்கு இன்சுலின் ஊசி தேவைப்படாமல் போயிற்று. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. ஊசி தேவைப்படுவது கட்டுப்பாட்டுக் குறைவின் தண்டனையுமல்ல.

நேரத்துக்கும் இதில் பங்குண்டு. இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடைவெளி கூடுதலாக இருந்த தாய்மாருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் குறைவாக இருந்ததைக் கஸ்டோ ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினார்கள். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் வேலை முடிந்து எட்டரை மணிக்கு வீடு திரும்பி, ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு மாமியார் தரும் மைலோவையும் குடிக்கும் நம் வழக்கத்தை நினைத்தால் புறக்கணிக்கத்தக்கதுமன்று. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் இந்தக் கணக்கில்தான் வரும். ‘தே சி கோசோங்’ (சர்க்கரை சேர்க்காத பால் தேநீர்) என்று கேட்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பானங்களின் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீடு, 2022 டிசம்பர் இறுதியில் புட்டிப் பானங்களுக்கும் ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரப்படும் பானங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. கஃபீனை நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பதால், காப்பிக்கடைக் காப்பியின் கடுமையை அறிந்தவர்கள் ஒரு குவளையோடு நிறுத்துவது நல்லது.

மிகுதிக் காலத்திலும் பற்றாக்குறையாகவே நீடிக்கும் ஒன்று இரும்புச்சத்து. கர்ப்பத்தில் இரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. நீர்ப்பகுதி கூடும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை. ஹீமோகுளோபின் முதல் மும்மாதத்திலும் கடைசி மும்மாதத்திலும் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கும், நடுவில் 10.5 கிராமுக்கும் கீழே போனால் இரத்தசோகை. நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறார்கள். இங்கேதான் நம் வீட்டு வைத்தியம் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறது. பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் என்று சிவப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் இருப்பதெல்லாம் இரத்தம் ஊறும் என்று தட்டுக்கு வருகின்றன. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புதான் உண்டு. சர்க்கரையோ 65 கிராமை ஒட்டி. மாதுளையில் அந்த 1 மில்லிகிராமும் இல்லை. கர்ப்பகால நீரிழிவு உள்ளவர் ‘இரத்தத்துக்காக’ ஒரு கிண்ணம் பேரீச்சம்பழம் உண்பது இரண்டு பக்கமும் நட்டம்.

பாட்டிமார் அதே மூச்சில் சொன்ன இன்னொன்று மட்டும் வியக்கத்தக்க வகையில் சரி. சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலான அதில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. இறைச்சியிலுள்ள இரும்பை உடல் கீரையிலுள்ளதைவிட எளிதாக உறிஞ்சவும் செய்கிறது. தேக்கா சந்தையின் ஆட்டிறைச்சிக் கடைகளில் காலையிலேயே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள்; மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு, உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு நன்றாக வேகவைக்க வேண்டும். இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஈரல். ஈரலிலும் இரும்பு மிகுதி, ஆனால் வைட்டமின் ஏ அதில் மிக அதிகமாகக் குவிந்திருப்பதால், கர்ப்பத்தின் தொடக்கத்தில் குழந்தையின் உறுப்புகள் உருவாவதைக் குலைக்கக்கூடும். மருத்துவர்கள் ஈரலைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். இரண்டும் ஒரே கடைக்காரர் ஒரே கத்தியால் வெட்டித் தரும் உறுப்புகள் என்றாலும், கர்ப்பிணிக்கு ஒன்று மருந்து, மற்றது ஆபத்து.

மாத்திரை விழுங்கும் முறையிலும் ஒரு பிழை பரவலாக உண்டு. இரும்பு மாத்திரையைப் பாலோடு கொடுத்தால் வயிற்றைப் புரட்டாது என்பார்கள். பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்தாலோ கொய்யாத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டாலோ அதே உணவிலிருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். பச்சரிசியை மெல்லத் தோன்றுவது, திருநீற்றைத் தின்னத் தோன்றுவது, ஐஸ் கட்டியை நறநறவென்று கடிக்கத் தோன்றுவது ஆகியவற்றை மசக்கை ஆசை என்று சிரித்துவிடுகிறோம். அவை பல நேரங்களில் இரும்புக் குறையின் அறிகுறி. அடுத்த சந்திப்பில் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உணவால் மட்டும் தீராத குறை ஃபோலிக் அமிலம். அதன் கதை ஒரு வகையில் நம் ஊர்ப்பக்கத்துக் கதையும்கூட. 1928-இல் பம்பாய்க்குச் சென்ற லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடம் ஒருவகைக் கடும் இரத்தசோகையைக் கண்டார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதையும் கண்டறிந்து 1931-இல் எழுதினார். காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கஞ்சியில் நாம் கலந்து கொடுக்கும் அதே மார்மைட்தான். அதில் வேலை செய்த பொருள் ஃபோலேட் (அதன் மாத்திரை வடிவமே ஃபோலிக் அமிலம்) என்பது பின்னர் தெரிந்தது. ஃபோலிக் அமிலம், பின்னர் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக்குழலின் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கிறது என்பதை 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனை நிறுவியது. கரு உருவான 28 நாளுக்குள் அந்தக் குழல் மூடிவிடும். பெண்கள் பலருக்குத் தாம் கர்ப்பமாக இருப்பது தெரியவருவதே அதையொட்டித்தான். எனவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்க வேண்டும். நீரிழிவு, வலிப்புக்கான மருந்து போன்ற காரணம் உள்ளவர்களுக்கு மருத்துவர் கூடுதல் அளவு தருவார். தைப்பூச விரதத்துக்கு மட்டுமன்றி ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் டி குறைவும் இந்த வெயில் தேசத்திலேயே இந்திய, மலாய்த் தாய்மாரிடம் சீனத் தாய்மாரைவிடக் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

விலக்க வேண்டிய பழங்களைப் பற்றிய பேச்சு வீட்டில் நீளும்; விஷயம் சிறியது. பப்பாளி பற்றிய அச்சத்தைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே எலிகளைக் கொண்டு சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள்: காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்தது, நன்கு பழுத்த பழம் அப்படிச் செய்யவில்லை. அன்னாசியைச் சாதாரண அளவில் உண்பதால் கரு கலையும் என்பதற்குச் சான்றில்லை. ‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்ற பாகுபாட்டில் இந்த ஊரின் சீனப் பாட்டிகளும் நம் பாட்டிகளும் ஒரே கட்சி என்பது வேறு விஷயம். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. விற்பவருக்கு மட்டும் பலன் உண்டு.

பாட்டி சொல்லாத விலக்குகள்தான் இன்று முக்கியம், ஏனெனில் அவர்கள் காலத்துத் தமிழ்ச் சமையலறையில் பச்சையாக உண்ணும் பொருள்கள் குறைவு. காப்பிக்கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டை, ரோஜாக் என்னும் காய்கனிக் கலவையில் போடும் வேகாத முளைப்பயறு, பதப்படுத்தாத பாலில் செய்த பாலாடைக்கட்டி, குளிர்பெட்டியில் நாள்பட வைத்த தயார்நிலை இறைச்சி ஆகியவை சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகளுக்கு இடம் தருபவை. லிஸ்டீரியா தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போனாலும் கருவை அழித்துவிடக்கூடும். குளிர்பெட்டியின் குளிரிலும் அது பெருகும். பச்சை நன்னீர் மீனால் 2015-இல் இங்கே ‘குரூப் பி’ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று பரவியபோது நல்ல உடல்நிலையில் இருந்தவர்களும் படுத்தார்கள். உணவுக் கடைகளில் பச்சையாக உண்ண நன்னீர் மீன் விற்பது அவ்வாண்டு டிசம்பரில் தடை செய்யப்பட்டது. சீனப் புத்தாண்டில் அலுவலக நண்பர்களோடு ‘யூஷெங்’ என்னும் பச்சைமீன் கலவையைக் கிளறும்போது மீன் துண்டைத் தள்ளி வைத்துவிடுவதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

மீனில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மீனில்தான் எளிதாகக் கிடைக்கும் என்பதால், வாரத்துக்கு இரண்டு முறையாவது மீன் வேண்டும். ஆனால் பெரிய மீன் சிறிய மீனைத் தின்றுதின்று உடலில் பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கிறது. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சிறிய மீன்களைத் தயங்காமல் உண்ணலாம். சுறா, கொப்பரன், பெருங்கண் சூரை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகச் சுறாப்புட்டு செய்து தருவது நம்மவர் வழக்கம். பாலூட்டும் காலத்திலும் பாதரச எச்சரிக்கை நீடிக்கிறது. பூண்டும் மிளகும் தேங்காயும் சேர்த்த அதே பக்குவத்தில் மத்தியைச் செய்தால் சத்தும் ருசியும் கெடாது. முள் எடுப்பதுதான் பாடு.

ஊரிலிருந்து வரும் சூரணங்களிலும் மாத்திரைகளிலும் இதைவிடக் கவனம் தேவை. 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததற்கு இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள் காரணமாகக் கண்டறியப்பட்டன. பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதப்படாத எதையும், அன்போடு அனுப்பியவர் யாராக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ளக் கூடாது.

பிரசவத்தோடு நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலான தாய்மாருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது, குறிப்பேடும் கருவியும் அலமாரிக்குப் போகின்றன. ஆனால் கர்ப்பகால நீரிழிவு வந்தவருக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது ஏழு மடங்கு என்று 2009-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அதனால்தான் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் அதே குளுக்கோஸ் சோதனையை மறுபடி செய்யச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் நாற்பது நாள் பத்தியம் முடிகிற சமயம் அது: கருப்பட்டியும் நல்லெண்ணெயும் இஞ்சி லேகியமும் நாளுக்கு இரண்டு வேளை உள்ளே போயிருக்கும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது, சோதனைக்குப் போவது தள்ளிப்போகும். தங்கை மகளும் இரண்டு முறை தேதியை மாற்றினாள். மூன்றாம் முறை குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். பையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.